மூன்றாம் ஓலைக்குப் போகிற வழியில்

கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. அந்தப் பையை மடியில வச்சிக்கிடுங்க, நான் குடையைக் கால்மாட்டுல சாத்திக்கிடுதேன். ஆங், இப்பம் சரி. கோயிலுக்கா? வெள்ளைச் சேலை, காதுல கம்மல் இல்ல. பாத்ததுமே நினைச்சேன், பெந்தெகொஸ்தேதான? நல்லது. நாங்க பழைய சபை. கோபுரமும் மணியும் உள்ள சபை. அதனால என்ன, வேதம் ஒண்ணுதான. உங்கட்ட ஒரு சந்தேகம் கேக்கேன், சுத்தி வளைக்காம பதில் சொல்லுங்க. வேதத்துல மிருகம் பேசுதே, அதுக்கு என்ன அர்த்தம்?

தரிசனத்துல வாற மிருகத்தை எல்லாம் விட்டுருங்க. நம்மளை மாதிரி மண்ணுல நடமாடி, மனுஷங்கட்ட வாயைத் திறந்து பேசுனது ரெண்டுதான். தோட்டத்துல பாம்பு. வழியில கழுதை. பாம்பு கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கழுதை கதை தெரியும்லா? ஒரு தீர்க்கதரிசி ஒரு ஜனத்தையே சபிக்கதுக்குக் கழுதையில ஏறிப் போறான். வழியில தூதன் உருவின பட்டயத்தோட நிக்கான். கழுதை கண்ணுக்குத் தெரியுது, இவன் கண்ணுக்குத் தெரியல. முதல்ல கழுதை வழியை விட்டு வயல்ல இறங்குது, அடிக்கான். அப்புறம் சுவரோட ஒட்டுது, இவன் கால் நசுங்குது, அடிக்கான். மூணாவது அப்படியே படுத்துருது. கம்பெடுத்து வெளுத்து வாங்குதான். அப்பம் ஆண்டவர் கழுதை வாயைத் திறக்காரு. ஏன் அடிக்கீரு, இத்தனை நாள் உம்மைச் சுமந்தேனே, என்னைக்காவது உமக்கு இப்படிச் செஞ்சேனான்னு கேக்குது. அவன் இல்லைங்கான். அதுக்குப் பிறகுதான் அவன் கண்ணு திறக்குது.

பாம்புக்குள்ள பேசுனது பிசாசு. கழுதைக்குள்ள பேசுனது ஆண்டவர். சரி. அப்பம் இத்தனை நாள் வாயைத் திறக்காத ஒண்ணு திடீர்னு பேசினா, அது பாம்பா கழுதையான்னு எப்படிக் கண்டுபிடிக்க? எங்க ஐயர்ட்ட கேட்டேன். ஐயர்னா எங்கள்ல பாஸ்டர். சின்ன வயசு, புதுசா வந்துருக்காரு. "அதுக்கு அர்த்தம் பேசுனதுகிட்ட இல்லம்மா, அடிச்சவர்கிட்ட இருக்கு"ங்காரு. இது ஒரு பதிலா? நாலு வருஷம் செமினரியில படிச்சு இதைத்தான் கத்துக்கிட்டு வந்துருக்காரு.

எதுக்குக் கேக்கேன்னு சொல்லுதேன். எங்க வீட்டுல ஒருத்தி பேசிட்டா.

எப்சிபான்னு பேரு. என் தம்பி பெண்டாட்டி. தம்பி மஞ்சக்காமாலையில போய்ச் சேந்துட்டான். குடிச்சே செத்தான்னு சொல்லுவாங்க, சொல்லுத வாய் என்ன வேணும்னாலும் சொல்லும். கொஞ்சம் கை நீட்டுத பழக்கம் உண்டு அவனுக்கு, இல்லேங்கல. இவளும் ஒரு பதில் சொல்ல மாட்டா, அடிச்சா அப்படியே நிப்பா, அதைப் பாத்தா யாருக்கும் இன்னும் ரெண்டு குடுக்கத்தான் தோணும். பிள்ளை கிடையாது. பெத்தவங்களும் இல்ல. போக்கிடம் இல்லாதவளைக் கைவிடக் கூடாதுன்னு நான்தான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அடுப்படிக்குப் பின்னால ஒரு ரூம். ஃபேன் கிடையாது, ஜன்னல் உண்டு. நாங்க சாப்பிடுததைத்தான் அவளும் சாப்பிடுவா, நாங்க சாப்பிட்ட பிறகு.

என் வீட்டுக்காரர் ஹெட்மாஸ்டரா இருந்தவரு. நான் சார்னுதான் சொல்லுவேன். ரிட்டையர் ஆன கையோட பக்கவாதம். வலது பக்கம் பூரா போச்சு, பேச்சும் போச்சு. ஸ்கூல் அசெம்பிளியில மைக் இல்லாம பேசுன மனுஷன், இப்பம் ம்ம்ங்கிற சத்தம் மட்டும்தான். எப்சிபாதான் அவரைப் பாத்துக்கிடுவா. குளிப்பாட்டுதது, பீ மூத்திரம் அள்ளுதது, கஞ்சி குடுக்கது எல்லாம். அந்த ம்ம்முக்கு அவளுக்கு அர்த்தம் தெரியும். "மைனி, அண்ணனுக்கு ஜன்னலைத் திறக்கணுமாம்"ம்பா என்ட்ட. திறந்தா அவரு கண்ணை மூடிச் சிரிப்பாரு. எனக்கு எரிச்சலா வரும். கட்டுன பெண்டாட்டிக்குப் புரியாதது இவளுக்கு எப்படிப் புரியுது?

அடடா, எங்க போறான் இவன்? ஏ கண்டக்டர் தம்பி! ரோட்டை விட்டு எங்கல இறக்குதான் டிரைவர்? பாலம் வேலையா? ஞாயித்துக்கிழமை காலைலயா வயலுக்குள்ள வண்டியை விடுவீங்க? ஒம்பது மணிக்கு ஆராதனை தொடங்கிருமே, மூதி. என்னம்மா சிரிக்கீங்க? சிரிக்கலையா? சரி.

எங்க விட்டேன்? ஆங். தையல்கார யோபுன்னு ஒருத்தன். பாடகர் குழுவுக்கு அங்கி தைக்கிறவன். அவன் பெண்டாட்டி செத்து ரொம்ப நாளாச்சு. அவன் நேரே ஐயர்ட்ட போய் எப்சிபாவைக் கட்டிக்கிடுதேன்னு கேட்டுருக்கான். என்ட்ட கேக்கல, பாத்தியளா? ஐயர் இவளைக் கூப்பிட்டு விசாரிச்சாராம், இவ தலையை ஆட்டிட்டாளாம். இந்த வயசுல கல்யாணம்! சாரை யாரு பாப்பா? அந்த நினைப்பு ஒரு சொட்டு இருந்துச்சா அவளுக்கு?

உங்கள்ல ஓலை வாசிப்பு உண்டா? எங்கள்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு கோயில்ல ஓலை வாசிக்கணும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு ஐயர் சபை முன்னால கேப்பாரு. யாரும் சொல்லுதது இல்ல. எல்லாரும் கீர்த்தனைப் புஸ்தகத்தைப் புரட்டிக்கிட்டு இருப்பாங்க. முதல் ஓலை வாசிச்சாரு, நான் பொறுத்தேன். ரெண்டாவது ஓலை, பொறுத்தேன். மூணாவது ஓலைக்கு எழும்பி நின்னேன்.

தடை உண்டு ஐயரேன்னேன். என் தம்பி உசுரோட இருக்கும்போதே இந்த ரெண்டு பேருக்கும் பழக்கம்னேன்.

கீர்த்தனைப் புஸ்தகத்தை மூடிட்டு எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. யோபு பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எழும்பினான். இவ பெண்கள் பக்கம் கடைசி வரிசையில தலையில முக்காட்டோட குனிஞ்ச மாதிரியே இருந்தா. நான் பாத்தேனான்னு கேக்கீங்களா? எல்லாத்தையும் கண்ணால பாக்கணுமா? என் தம்பி இருக்கும்போது யோபு கடைக்கு ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போயிருக்கா. நானும்தான் குடுத்தேன், அது வேற. பழக்கம் இல்லாமலா இன்னைக்கு வந்து கேக்கான்?

ஐயர் ஓலையை நிறுத்திட்டாரு. சபை விசாரிக்கட்டும்னாரு. விசாரணை அப்படியே கிடந்துச்சு, ஆனா ஊர் விசாரிக்குமே. பைப்படியில இவ குடத்தை வச்சா மத்தவ குடத்தை எடுத்துக்கிடுவா. திருவிருந்துல அப்பம் வாங்க முன்னால போகப் பயந்து பின்னாலயே நின்னா. அன்னையிலருந்து என்ட்ட பேச்சை நிறுத்திட்டா. வேலையை நிறுத்தல. எனக்கும் அதுதான் வசதி. சாருக்கு மட்டும் மெதுவா ஏதாவது சொல்லிக்கிட்டு இருப்பா, அவரு கண்ணுலருந்து தண்ணி வடியும். வாதக்காரங்களுக்கு அப்படித்தான், காரணம் இல்லாம வடியும்.

அய்யோ, காலு! காலு! என்னய்யா இது, மூட்டையைக் கொண்டு காலுல சாத்துதீரு? சுவரா? பஸ்ஸு சுவரை உரசுனா மூட்டை என் காலுலதான் சரியணுமா? இந்தச் சந்துக்குள்ள இவன் எதுக்கு நுழையுதான்? பாருங்கம்மா, கட்டைவிரல் நசுங்கிட்டு. இந்த டிரைவருக்கு ரெண்டு போட்டாத்தான் சரிப்படும். நீங்க ஏன் என்னை அப்படிப் பாக்கீங்க? தைலம் இருந்தா குடுங்க. இல்லையா? பெந்தெகொஸ்தேக்காரங்க மருந்து வச்சிக்கிட மாட்டீங்க, மறந்துட்டேன்.

பிரதிஷ்டைப் பண்டிகை வந்துச்சு. எங்க கோயில் கட்டுன நாள். வருஷா வருஷம் அன்னைக்குப் பெண்கள் சங்கத்து நாடகம் உண்டு, ஆம்பளை வேஷமும் நாங்கதான் போடுவோம். நான்தான் சங்கத்துச் செயலாளர். கதை, வசனம் எல்லாம் நான்தான். இந்தத் தடவை கழுதைக் கதையை எடுத்தேன். தீர்க்கதரிசி நான். தூதன் பல் டாக்டர் மக. கழுதைக்கு யாரும் வர மாட்டேங்காங்க. முட்டு வலிங்காங்க, புதுச் சேலைங்காங்க. எப்சிபா கழுதையா வரட்டும்னேன். வேண்டாம்னு சொல்லணும்னா அவ வாயைத் திறக்கணும்லா? திறக்கல. வந்தா.

ஒத்திகையில சும்மா தட்டுத மாதிரி தட்டினா ஜனங்களுக்கு உருக்கம் வராது. பூவரசங் கம்பு ஒண்ணு வெட்டிட்டு வந்து நிசமாவே குடுத்தேன். நாடகம்னா நாடகமா இருக்கணும். ஏறி உக்காரல, அது பாவம். ரெண்டு பக்கமும் காலை ஊணிக்கிட்டு பாதிப் பாரத்தை மட்டும் அவ முதுகுல வச்சேன்.

கழுதைக்கு உடுப்பு வேணும்லா, ஐயர் அதை யோபுட்ட குடுத்துட்டாரு. சாம்பல் கலர் துணி, ரெண்டு நீளக் காது, வாலு, எல்லாம் அருமையா தச்சிருந்தான். கையில வாங்கிப் பாக்கேன், முதுகுப் பக்கம் மட்டும் தடிப்பா இருக்கு. பிரிச்சுப் பாத்தா உள்ள பஞ்சு! மெத்தைக்கு வைக்கிற மாதிரி நெருக்கமா வச்சு, குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டுருக்கான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கழுதைக்கு எதுக்குல பஞ்சு? அவ முன்னாலயே உக்காந்து, ஒரு தையல் விடாம பிரிச்சு, அவ்வளவு பஞ்சையும் வெளியில எடுத்துட்டேன். அவ அதைப் பாத்துக்கிட்டே இருந்தா. அந்தப் பஞ்சை வச்சு சாருக்கு ஒரு தலையணை தைக்கலாம்னு எடுத்து வச்சேன். எதையும் வீணாக்குத பழக்கம் எனக்குக் கிடையாது.

பண்டிகை அன்னைக்குக் கோயில் முற்றம் நிறைஞ்சு ஜனம். எனக்கு ஒட்டுத்தாடி, அங்கி. இவ கழுதை உடுப்புல முட்டுக்கால் போட்டு வாரா. முதல் அடி. பிள்ளைகள் சிரிக்குதுக. ரெண்டாவது அடி. சிரிப்பு கொஞ்சம் குறையுது. மூணாவதுக்கு அவ தரையோட படுத்துட்டா. அங்கதான் நான் நாடகத்தைத் தூக்கி நிறுத்துனேன், கம்பு முறியுற மட்டும் அடிச்சேன். சங்கத் தலைவியம்மா முன் வரிசையில கண்ணைப் பொத்திக்கிட்டாங்க. உருக்கம்னா அது உருக்கம்!

இப்பம் கழுதை பேசணும். வசனம் ரெண்டே வரிதான். உமக்கு நான் என்ன செய்தேன், என்னைக்காவது உமக்கு இப்படிச் செய்தது உண்டா, அவ்வளவுதான். அதுக்கு நான் தலையைக் குனிஞ்சு, "இல்லை"ன்னு ஒரே சொல்லு சொல்லணும். அந்த ஒரு சொல்லுக்கு நான் எத்தனை தடவை கண்ணாடி முன்னால நின்னுருப்பேன்! குரல் உடையணும், ஆனா கடைசி வரிசைக்கும் கேக்கணும். அதை எதிர்பாத்துத் தலையைக் குனிஞ்சு நிக்கேன்.

அவ எழும்பி உக்காந்தா. அந்தக் காது வச்ச தலையைக் கழத்தி மடியில வச்சா. மைக்குக்கு நேர் முன்னால.

"மைனி, உங்க தம்பி இருக்கும்போது நான் வேற ஆம்பளை முகத்தை ஏறிட்டுப் பாத்துருக்கேனா? என்னைக்காவது ஒரு நாள்?"

நான் சொன்னேன், "இல்லை."

அய்யோ, வசனம்மா அது! என் வசனம்! அவ நிறுத்துன உடனே நான் சொல்ல வேண்டிய வசனம். வேர்வை வழிஞ்சு தாடி கழண்டு தொங்குது, காது ரெண்டும் தலைப்பாகைக்குள்ள இருக்கு, அவ என்ன கேட்டான்னு யாரு கவனிச்சா? நான் என் நேரத்தைப் பாத்துச் சொன்னேன். நல்லாவும் சொன்னேன். குரல் உடைஞ்சுது, கடைசி வரிசைக்கும் கேட்டுச்சு. அது ஒரு குத்தமா?

யாரும் கை தட்டல. தூதன் அட்டை வாளைப் பிடிச்சிக்கிட்டு மேடை ஓரத்துல நிக்கா, உள்ள வரவா வேண்டாமான்னு என்னைப் பாக்கா. வாட்டி, வந்து நில்லுன்னு சொல்லுதேன், அவ அழுதுக்கிட்டு அவங்க அம்மாட்ட ஓடிட்டா. யோபு கூட்டத்துக்குள்ளருந்து மேடைக்கு வந்து ஒரு துண்டை எடுத்து எப்சிபா முதுகுல போத்துனான். உடுப்பு கிழிஞ்சிருந்துச்சுன்னு அப்பம்தான் பாத்தேன். என்ன துணி போட்டான்னு தெரியல, நாலு அடி தாங்கல.

ஐயர் என்னைக் கூப்பிட்டு, "சபை முன்னால தடை சொன்னீங்க, சபை முன்னாலயே இல்லைன்னுட்டீங்க, இனி விசாரணை இல்லம்மா"ங்காரு. நாடகத்துல சொன்னதுய்யா அதுன்னா, "அந்தத் தீர்க்கதரிசி, கழுதை பேசுதேன்னு ஆச்சரியமே படாம அதோட வழக்காடுனானேன்னு நான் ஆச்சரியப்பட்டது உண்டு, இப்பம் இல்ல"ங்காரு. எனக்கு ஒண்ணும் விளங்கல. உங்களுக்கு விளங்குதா?

அன்னைக்கே அவ போயிட்டா. யோபுக்கு ஒரு தங்கச்சி கிருபாபுரத்துல இருக்கா, அங்க போய் இருந்துக்கிட்டு அந்தச் சபையில ஓலை குடுத்துருக்கா. எங்க கோயில்ல வாசிச்சா நான் திரும்பவும் எழும்புவேன்னு பயம். போகும்போது சார் காலைப் பிடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்துருந்தா. என்ட்ட ஒரு வார்த்தை கிடையாது. நானும் விடல, வாசல்ல மறிச்சுக் கேட்டேன். ஏட்டி, கழுதை பேசுச்சே, பேசி முடிச்ச பிறகு என்னட்டி செஞ்சுச்சு? உன்ன மாதிரி எவன் பின்னாலயும் ஓடுச்சா? அந்தத் தீர்க்கதரிசியைச் சுமந்துக்கிட்டுத்தான போச்சு? அதான வேதம்? இவ என்னைத் தாண்டிப் போறா. அப்பம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது கழுதை இல்ல, பாம்பு. பேசிட்டுத் திரும்பவும் முதுகைக் குடுத்தா ஆண்டவர் பேசுனாருன்னு அர்த்தம். பேசிட்டுப் போயிட்டா பிசாசு. என் சந்தேகத்துக்கு நானே பதில் கண்டுபிடிச்சிட்டேன் பாருங்க, செமினரிக்குப் போகாமலே.

இன்னைக்குக் கிருபாபுரத்துல மூணாவது ஓலை. அதுக்குத்தான் போறேன். அங்க என்னை யாருக்கும் தெரியாது, நாடகமும் தெரியாது. எழும்பி நிப்பேன். இந்தத் தடவை என் தம்பி சாவுலயே எனக்குச் சந்தேகம் இருக்குன்னு சொல்லப் போறேன். இருக்கான்னா, இருக்கலாம்லா? காமாலைக்காரனுக்குக் கஷாயம் கலக்கிக் குடுத்தவ அவதான. சொன்னா யோபு கட்டுவானா, பாப்போம். கட்டலேன்னா எங்க போவா? என் அடுப்படி ரூம்தான். கழுவி வச்சிருக்கேன்.

என்ன, நின்னுட்டு? ஏன்யா எல்லாரும் இறங்குதாங்க? இனிமே நகராதா? என்னது, அப்படியே உக்காந்துட்டா? சவத்து வண்டி! இந்தா, இந்தா, இந்தா! விடுங்கம்மா கையை. என் குடை, நான் அடிக்கேன். குடைக் கம்பிதான வளைஞ்சுது, வளையட்டும்.

அந்தா தெரியுது கோபுரம். முதல் மணி அடிக்கான், கேக்குதா? ஓலை வாசிக்க இன்னும் நேரம் கிடக்கு, நடந்தே போயிருவேன். கால் வீங்கினா வீங்கிட்டுப் போகுது. நீங்க வாரீங்களா? வரலையா?

என்ன கேக்கீங்க? சாரை யாரு பாக்கான்னா? யாரு பாக்க, வீட்டைப் பூட்டிட்டு வந்துருக்கேன். அவ போனதுலருந்து கஞ்சியை வாயில வாங்க மாட்டேங்காரு. எனக்குக் கெஞ்சிக்கிட்டு நிக்கப் பொறுமை கிடையாது, ரெண்டு கரண்டி காட்டுவேன், அதோட சரி. தலைமாட்டுல செம்புல தண்ணி வச்சிருக்கேன். இடது கை இருக்கே, எட்டினா எடுத்துக் குடிக்கட்டும்.

ஒண்ணு சொல்லுதேன், யார்ட்டயும் சொல்லாதீங்க. காலைல பூட்டை மாட்டுதேன், உள்ள சத்தம். சார் குரல்தான். ம்ம் இல்லம்மா. பேச்சு. அந்தக் காலத்துல அசெம்பிளியில பேசுவாரே, அதே குரல். "வேண்டாம், செல்லக்கனி"ன்னு. என் பேரு அவரு வாயிலருந்து வந்து எத்தனை வருஷமாச்சு! மேலெல்லாம் புல்லரிச்சிட்டு எனக்கு. சாவி கையிலதான் இருக்கு. ஆனா தெருமுனையில பஸ்ஸு ஹார்ன் அடிக்கான். உள்ள போனா பஸ் போயிரும். பஸ் போனா ஓலை போயிரும்.

என்னத்தை வேண்டாம்னுருப்பாரு? தண்ணியைத்தான் சொல்லியிருப்பாரு. பச்சைத் தண்ணி அவருக்கு ஆகாது.